சுவர் இருந்த இடம்

அம்சவள்ளிக்கு வாய் ஓயாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. சிவானந்தம் அவளைக் கட்டிக்கொண்டதே அந்த வாய்க்காகத்தான். தோட்டத்துத் தண்ணீர்க் குழாயடியில், குடம் நிரம்புவதற்குள் மூன்று கதை சொல்லி முடிக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, தண்ணீரே தேவைப்படாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு போய் நின்ற மனிதர் அவர். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஓடிப்போயிற்று. ஒரே மகள் திலகமும் ரவாங்கில் ஃபேக்டரி வேலைக்குப் போய் அங்கேயே ஹாஸ்டலில் தங்கிவிட்டாள். அம்சவள்ளியின் கதைகள் மட்டும் தீரவில்லை. அவை தீராமல் இருக்க வேண்டும், அதைக் கேட்டுக்கொண்டே கண்ணை மூட வேண்டும். சிவானந்தம் சாமியிடம் கேட்டதெல்லாம் இவ்வளவுதான்.

சாமி என்ன செய்தார்? காதைப் பிடுங்கிக்கொண்டார்.

சாமியைச் சொல்லி என்ன பயன்? செம்பனை எண்ணெய் ஆலையில் பதினெட்டு வருஷம் பாய்லருக்குப் பக்கத்தில் நின்றால் காது என்ன இரும்பா? முதலில் சின்னச் சின்னச் சத்தங்கள் போயின. குருவி போயிற்று, சைக்கிள் மணி போயிற்று, மகளுடைய கொலுசு போயிற்று. அப்புறம் மெல்லப் பேசுகிற பேச்சு போக ஆரம்பித்தது. ஆலையில் இது ஒருத்தருக்கும் தெரியாது. அங்கே யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது, எல்லாரும் வாயைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். நாற்பது அடி தள்ளி நின்று வேலை வாங்குகிற மண்டோர் தன்னை என்ன வார்த்தையால் திட்டுகிறான் என்பதை சிவானந்தம் உதட்டைப் பார்த்தே சொல்லிவிடுவார். எதிரில் முகம் இருந்தால் போதும், பாதிக் காதை வைத்துக்கொண்டு மீதியைக் கண்ணால் கேட்டுக்கொள்வார்.

வீட்டில்தான் வில்லங்கம். கோலா சிலாங்கூரில் அவர்கள் வாங்கியிருந்தது வரிசை வீடு. முன்னால் ஹால், பின்னால் சமையலுக்குக் குசினி, இரண்டுக்கும் நடுவில் கூரை வரைக்கும் ஒரு செங்கல் சுவர். அம்சவள்ளி குசினியில் நின்று கதை சொல்வாள். இவர் ஹாலில் உட்கார்ந்து அந்தச் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார். கதவு வழியாக அங்கொன்றும் இங்கொன்றுமாக வார்த்தைகள் வரும். "ம்" என்பார். சிரிக்க வேண்டிய இடத்தில் "ம்" என்றால் பெண்டாட்டிக்குக் கோபம் வராதா?

"என்னங்க, நான் யாருகிட்ட பேசிக்கிட்டிருக்கேன்? சுவத்துக்கிட்டயா?"

"சுவரு மறைக்குதுலா அம்சா. காதுல விழல."

இது நல்ல சாக்கு. இரண்டு வருஷம் ஓடியது. ஆனால் சாக்கு சொல்லித் தப்பிக்கலாமே தவிர, தவறிப்போன கதையை மீட்க முடியுமா? பக்கத்து வீட்டு நல்லம்மாளின் மருமகள் விஷயம் என்று ஏதோ ஒன்று மாதக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது. தெருவே அதைப் பேசியது. சிவானந்தத்துக்கு மட்டும் தலையும் தெரியாது, வாலும் தெரியாது.

உண்மையைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். அவருக்கு ஒரு பயம் இருந்தது. அவருடைய அப்பாவுக்கும் கடைசிக் காலத்தில் காது கேட்காது. ஆரம்பத்தில் அம்மா கத்திக் கத்திப் பேசிப் பார்த்தாள். அப்புறம் அலுத்துப்போனாள். ஒரு நாளைக்கு மூன்று வார்த்தை என்றாகிவிட்டது. எந்திரி, சாப்பிடு, படு. லயத்து வாசலில் அத்தனை பேரும் கூடிச் சிரிக்கும்போது அப்பா மட்டும் எதற்கென்று தெரியாமல் கூடச் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பை சிவானந்தம் இன்னும் மறக்கவில்லை. அம்சவள்ளிக்குத் தெரிந்துபோனால் தனக்கும் அந்த மூன்று வார்த்தைதான் மிஞ்சும் என்று அவர் முடிவே கட்டிவிட்டார்.

எண்பத்தாறாம் வருஷம், சித்திரை வருஷப் பிறப்புக்கு வந்த திலகம் ஒரு ஆங்கிலப் புத்தகத்தைப் போட்டுவிட்டுப் போனாள். வழவழ தாளில் வீட்டுப் படங்கள். அதில் ஒரு வீட்டில் குசினிக்கும் ஹாலுக்கும் நடுவே சுவரே இல்லை. இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடை, மேடைக்கு அந்தப் பக்கம் அடுப்பு, இந்தப் பக்கம் சாப்பாட்டு மேசை, அதைத் தாண்டி சோபா. ஒரு வெள்ளைக்காரி சமைத்துக்கொண்டே சோபாவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். சோபாவில் இருந்தவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சிவானந்தம் அந்தப் படத்தை மூன்று நாள் வைத்துப் பார்த்தார்.

"அம்சா, இந்தச் சுவரை இடிச்சிடுவோமா?"

அம்சவள்ளி கையில் இருந்த அகப்பையோடு வெளியே வந்துவிட்டாள். "உங்களுக்கு என்ன, வெயில் பட்டுருச்சா? நெத்திலி வறுத்தா சோபா முழுக்க நாறும். இறால் பெலாச்சான் சுட்டா சாமி படம் வரைக்கும் போகும். வர்றவங்க போறவங்கல்லாம் என் கழுவாத சட்டிய எண்ணிட்டுப் போவாங்க. நல்லம்மா ஒருத்தி போதும், நாலு தெருவுக்குச் சொல்லிருவா!"

"டிவி பார்த்துக்கிட்டே காய் வெட்டலாம்" என்றார் சிவானந்தம்.

அகப்பை கீழே இறங்கியது. டிவியில் தமிழ்ப் படம் போடுகிற நாளில் அம்சவள்ளி படுகிற பாடு கொஞ்சமா? பாட்டு வரும்போது ஓடி வருவாள், சண்டை வரும்போது ஓடிப் போவாள், கடைசியில் யார் யாருக்கு அண்ணன் என்று தெரியாமலே படம் முடிந்துவிடும்.

"புகை போக மேல ஒரு காத்தாடி வைப்பீங்களா?" என்றாள்.

"ரெண்டு வைக்கிறேன்."

அவ்வளவுதான், அவள் மனசு மாறிவிட்டது. மாறியது மட்டுமா, அப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை! கொத்தனார் சன்னாசி வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, "இது சும்மா தடுப்புதாண்ணே, கூரைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்று இடிக்கத் தொடங்கிய நாளிலிருந்து அம்சவள்ளிதான் மேஸ்திரி. தூசுக்குள் முக்காடு போட்டுக்கொண்டு நின்று உத்தரவு போட்டாள். ஹாலுக்கு ஒரு நிறம், குசினிக்கு ஒரு நிறம் என்று சன்னாசி சொன்னபோது, "ஒரே வீடு ஆயிருச்சு, அப்புறம் என்ன ரெண்டு நிறம்?" என்று சொல்லி மொத்தத்துக்கும் இளம்பச்சை அடிக்க வைத்தாள். கிள்ளானுக்கு பஸ் ஏறிப் போய், மஞ்சள் பூப் போட்ட திரைத் துணி வாங்கி வந்து, வாசல் ஜன்னலுக்கும் குசினி ஜன்னலுக்கும் ஒன்றே போல் தைத்தாள். தரைக்குக் கட்டம் போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. கண்ணாடி அலமாரியை ஹால் மூலையிலிருந்து சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நகர்த்தி, கல்யாணத்துக்கு வந்து இதுவரைக்கும் ஒரு சொட்டுத் தேத்தண்ணி கூடப் பார்க்காத பீங்கான் கோப்பைகளை அடுக்கினாள். பெலாச்சான் புகை எட்டாதபடி சாமி மேடை வாசலுக்கு அருகே போனது.

சிவானந்தம் கேட்டது இரண்டே இரண்டுதான். மேடைக்கு நேர் மேலே ஒரு குழல் விளக்கு வேண்டும். மேடைக்கு நேர் எதிரே சாப்பாட்டு மேசையில் தன் நாற்காலி வேண்டும்.

"டிவி அந்தப் பக்கம் இருக்கு, நீங்க இந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்து என்னத்தைப் பார்க்கப் போறீங்க?" என்றாள் அம்சவள்ளி.

"உன்னைத்தான்."

"ச்சீ, கொத்தனார் இருக்காருல்ல!"

இத்தனையும் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அடுப்பு விஷயத்தில்தான் சிவானந்தம் புத்தியைக் கடன் கொடுத்துவிட்டார். பழைய அடுப்பு கிழக்குச் சுவரை ஒட்டி இருந்தது. அம்சவள்ளி கிழக்கே பார்த்துத்தான் சமைப்பாள். அடுப்பு அங்கேயே இருந்தால் ஹாலில் இருக்கிறவருக்கு அவளுடைய ஒரு காதும் பாதிக் கன்னமும்தான் தெரியும். பாதி வாயை வைத்துக்கொண்டு எந்தக் கதையைப் படிப்பது? அடுப்பு மேடை மேல் வந்தால் அவள் ஹாலைப் பார்த்து நிற்பாள். ஹால் இருந்தது தெற்கே.

சுங்கை புரோங்கில் தங்கச்சி மகளுக்குச் சடங்கு என்று அம்சவள்ளி இரண்டு நாள் போயிருந்தாள். அந்த இரண்டு நாளில் இவர் சன்னாசியை விட்டு, மேடைக்கு அடியில் கேஸ் அடைத்த தோம்புக்கு இடம் செய்து, அடுப்பை மேடை மேல் ஏற்றி, பழைய அடுப்பு இருந்த இடத்தில் ஒரு அலமாரியை அசைக்க முடியாதபடி சுவரோடு பூட்டிவிட்டார். திரும்பி வந்தவள் வாசலிலேயே நின்றாள்.

"இது எந்தத் திசைங்க?"

"அது வந்து... அம்சா..."

"தெக்கு! எமன் திசை! தெக்கு பார்த்து சமைச்சா வீட்டு ஆம்பளைக்கு ஆகாதுன்னு எங்க அம்மா தலைபாடா அடிச்சுக்கும். உங்களுக்கு ஒண்ணுன்னா நான் என்ன செய்வேன்? யாரைக் கேட்டு வச்சீங்க?"

"அந்தப் புத்தகத்துல..."

"அந்த வெள்ளைக்காரிக்கு எமன் கிடையாது. எனக்கு இருக்கான்."

அலமாரியை அசைக்க முடியாது. அடுப்பையும் கீழே இறக்க முடியாது. அம்சவள்ளி யோசித்தாள். மறுநாள் காலை வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிய சிவானந்தம் பார்த்த காட்சி இதுதான். அம்சவள்ளி அடுப்பை அப்படியே திருப்பிப் போட்டுவிட்டு, மேடைக்கு இந்தப் பக்கம் வந்து, ஹாலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வடக்கே பார்த்து ரசம் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். முன்பு பாதிக் கன்னமாவது தெரியும். இப்போது அவருக்கு மிஞ்சியது கொண்டை மட்டும். கொண்டை பேசிக்கொண்டே இருந்தது. குழல் விளக்கு அந்தக் கொண்டை மேல் பளிச்சென்று எரிந்தது.

நல்லம்மாள் எட்டிப் பார்த்து, "என்னக்கா, கோப்பிக் கடை போட்டிருக்கீங்க, கடைக்காரம்மா கல்லாவுக்கு வெளிய நிக்கிறீங்க?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனாள்.

சிவானந்தம் "ம்" போட்டுப் பார்த்தார். "ஆமாமா" போட்டுப் பார்த்தார். மூன்றாம் நாள் கொண்டை சட்டென்று நின்று திரும்பியது.

"நான் இப்ப என்ன சொன்னேன்?"

வழக்கமான சாக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லச் சுவர் எங்கே இருக்கிறது? அதைத்தான் தன் கையாலேயே இடித்துத் தள்ளியாயிற்றே!

"அஞ்சடிதானே தள்ளி நிக்கிறேன்?" என்றாள் அம்சவள்ளி. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தனை நாளா சுவருதான் மறைக்குதுன்னு நினைச்சேன். உங்களுக்கு என் பேச்சு புளிச்சுப்போச்சு. அதை வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல? சரி. இனிமே பேசல."

அம்சவள்ளி பேசமாட்டேன் என்று சொல்லி அதுவரைக்கும் அரை மணி நேரம் கூடத் தாங்கியதில்லை. இந்த முறை தாங்கினாள். வெள்ளிக்கிழமை "சாப்பிடுங்க" என்றாள். சனிக்கிழமை "சட்டை துவைச்சாச்சு" என்றாள். சிவானந்தத்துக்குச் சோறு இறங்கவில்லை. எது வந்துவிடக் கூடாது என்று இரண்டு வருஷம் ஒளித்து வைத்தாரோ, அது ஒளித்து வைத்ததாலேயே வந்து நடு வீட்டில் உட்கார்ந்துகொண்டது. இளம்பச்சைச் சுவரும் மஞ்சள் பூத் திரையுமாக வீடு கல்யாண வீடு போல் ஜொலித்தது. அதற்குள் இரண்டு பேரும் பேசாமல் நடமாடினார்கள். அந்த வீட்டையே அவர் வெறுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அம்சவள்ளிக்குக் கொஞ்சம் மனசு இளகியிருந்தது போலிருக்கிறது. சாம்பாருக்குப் பருப்பைக் குக்கரில் ஏற்றிவிட்டு, துணி வாளியைத் தூக்கிக்கொண்டு, அவருக்கு நேராக வந்து நின்று சொன்னாள்: "மூணு விசில் வந்ததும் அணைச்சிடுங்க. பின்னாடி துணி காயப் போட்டுட்டு வரேன்."

முகத்தைப் பார்த்துச் சொன்னதால் ஒரு வார்த்தை தப்பாமல் புரிந்தது. புரிந்த சந்தோஷத்தில் "சரி அம்சா, நான் பார்த்துக்கிறேன்" என்று வாக்கும் கொடுத்துவிட்டார். அவள் போன பிறகுதான் தலையில் கை வைத்தார். திலகம் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த அந்தக் குக்கர் விசில் அடித்து அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

ஆனால் பாய்லர்க்காரருக்கு ஆவியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நாற்காலியை இழுத்து மேடைக்கு எதிரே போட்டுக்கொண்டு குக்கர் தலையையே பார்த்தார். குண்டு தூக்கியது, ஆவி சீறியது. ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தூக்கியது. இரண்டு. இப்படியே ஆயுசு முழுக்கச் சமாளித்துவிடலாம் என்று அவர் நினைத்த நேரம் பார்த்து, வாசலில் சன்னாசி வந்து நின்றான்.

தஞ்சோங் காராங்கில் ஒரு வீட்டுக்காரர் இதே மாதிரி மேடை கேட்கிறாராம், அளவு எடுத்துக்கொண்டு போக வந்திருந்தான். சன்னாசி பேச்சும் லேசில் நிற்காது. அவன் வாயைப் பார்த்தால் குக்கரைப் பார்க்க முடியாது, குக்கரைப் பார்த்தால் அவன் கேட்பது புரியாது. மனுஷனுக்குக் கண் இரண்டுதான். வந்தவனிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கலாமா? நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவன் முகத்தைப் பார்த்தார். சன்னாசி ஏதோ வேடிக்கையாகச் சொன்னான், இவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அப்புறம் அவன் அளவு நாடாவை நீட்டிக்கொண்டு முதுகைத் திருப்பி மேடையை அளந்தான். அப்போது அவன், "என்னாண்ணே, ஏழு விசில் ஆச்சு, ஆட்டுக்காலா வேகுது?" என்று கேட்டது அம்சவள்ளி சொல்லித்தான் பிற்பாடு அவருக்குத் தெரியும்.

கருகிய வாசனை மூக்குக்கு எட்டியது. திரும்பிப் பார்த்தார். பின்வாசல் படியில் காலி வாளியோடு அம்சவள்ளி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியவில்லை. கத்தவில்லை. குக்கரைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். குக்கர் கூரை பறக்க அலறிக்கொண்டிருந்தது, அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, அவர் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். நடுவில் சுவர் இருந்திருந்தால் அவள் இதைப் பார்த்திருக்கவே மாட்டாள்.

வந்து தீயை அணைத்தாள். சன்னாசி சூழ்நிலை புரிந்து நாடாவைச் சுருட்டிக்கொண்டு நழுவினான். அம்சவள்ளி ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு முன்னால், முட்டி முட்டியைத் தொடுகிற மாதிரி உட்கார்ந்தாள்.

"எப்பலேர்ந்து?"

"என்னது எப்பலேர்ந்து?"

"என்னைப் பார்த்துச் சொல்லுங்க. எப்பலேர்ந்து கேக்கல?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தால் அவள் சொல்வது தெரியாது என்று நினைவு வந்து மறுபடி நிமிர்ந்தார். அந்த ஒரு நிமிர்வில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிறகு அவரே சொன்னார். பாய்லரைச் சொன்னார், கொலுசைச் சொன்னார், அப்பாவுடைய மூன்று வார்த்தைகளைச் சொன்னார். சுவரை எதற்கு இடித்தார், விளக்கை எதற்கு மாட்டினார், அடுப்பை எதற்கு மேடை மேல் ஏற்றினார் என்று எல்லாவற்றையும் சொன்னார். அவள் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. அவர் வாழ்க்கையில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

"அப்ப நான் உங்களைத் திட்டினதெல்லாம்?" என்றாள் கடைசியில்.

"அதெல்லாம் நல்லாக் கேட்டுச்சு. மெதுவா பேசினதுதான் கேக்கல."

அம்சவள்ளி சிரித்தாள், சிரித்தது அப்படியே அழுகையாகிப் போயிற்று. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஒன்றும் பேசாமல் கருகிய குக்கரைக் கொண்டு போய்த் தொட்டியில் போட்டாள். சிவானந்தம் அவள் முதுகையே பார்த்தார். ஆயிற்று, இனிமேல் எந்திரி, சாப்பிடு, படு.

அவள் மேடைக்குத் திரும்பி வந்தாள். அடுப்பை இரண்டு கையாலும் பிடித்து, திருகு குசினிப் பக்கம் வருகிற மாதிரி சுழற்றி வைத்தாள். மேடையைச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் நின்றாள். குழல் விளக்கைப் போட்டாள். வேறு சட்டியில் பருப்பை ஏற்றி, தீயைப் பற்றவைத்துவிட்டு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். நெற்றிப் பொட்டிலிருந்து மோவாய் வரைக்கும் அவள் முகம் முழுசாகத் தெரிந்தது.

"அம்சா, தெக்கு..." என்றார் அவர்.

"தெரியும். எமன் வந்தா வரட்டும். நான் பேசுற பேச்சுல வந்த வேலைய மறந்துட்டு அவனும் ஒரு நாற்காலியப் போட்டு உட்கார்ந்துருவான்." வெங்காயத்தை எடுத்துப் பலகையில் வைத்தாள். "உங்க அம்மாவுக்கு வாய் வலிச்சிருக்கும், பாவம். எனக்கு வலிக்காது. சொல்லுங்க, எதுலேர்ந்து விட்டுப்போச்சு?"

"தீவாளியிலேர்ந்து."

"போன தீவாளியா?"

"அதுக்கு முந்தின தீவாளி."

"அடக் கடவுளே! அப்ப நல்லம்மா மருமக கதை ஒண்ணுமே தெரியாதா உங்களுக்கு?"

அவர் இல்லை என்று தலையாட்டினார். அம்சவள்ளி கத்தியைக் கீழே வைத்தாள், கையைத் துடைத்துக்கொண்டாள், விளக்குக்குக் கீழே இன்னும் ஒரு அடி முன்னால் வந்து நின்று, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.